கேள்வி பதில்: ஒரே குளிர், வேறு வேறு காடு

எந்த ஊரில் எத்தனை உயிரினம், ஏன் அங்கே மட்டும் அவ்வளவு என்று ஒரே வகைக் கேள்விகளாக இந்த முறை நிறைய வந்து சேர்ந்திருக்கின்றன. அதனால் கலந்துகட்டிப் பதில் சொல்லாமல், இந்த வாரம் முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். போன வருஷம் நாங்களும் போயிருந்தோம். காடெல்லாம் அழகுதான், ஆனால் எங்கே போனாலும் அதே நாலைந்து மரங்கள். குளிர் தேசம் என்பதால்தானே இப்படி?
*வாசகர், திண்டுக்கல்*

குளிர் பாதிக் காரணம்தான் சார். அது மட்டுமே காரணம் என்றால், அதே மாதிரி குளிர் அடிக்கும் மற்ற இடங்களிலும் கிட்டத்தட்ட இதே எண்ணிக்கையில் மரங்கள் இருக்க வேண்டும். லேதம், ரிக்லெஃப்ஸ் என்ற இரண்டு சூழலியலாளர்கள் 1993-ல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஐரோப்பாவின் மிதவெப்பக் காடுகளில் 124 மர இனங்கள், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 253, சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் 729. மூன்று இடத்திலும் இலையுதிர் காடு, மூன்று இடத்திலும் பனி விழும் குளிர்காலம், ஆனால் எண்ணிக்கையில் ஆறு மடங்கு வித்தியாசம்.

இன்னொரு சாட்சி உங்கள் மகன் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கலாம். ஜெர்மனியின் பழைய பூங்காக்களில் மக்னோலியா, துலிப் மரம், கிங்கோ எல்லாம் நிற்கும். அமெரிக்காவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கொண்டுவந்து நட்டவை, ஜம்மென்று வளர்ந்திருக்கின்றன. குளிர் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஏன் காட்டில் இல்லை?

முன்பு இருந்தன. ஜெர்மனி, நெதர்லாந்து மண்ணில் சுமார் 30 லட்சம் ஆண்டுப் பழைய புதைபடிவங்களைப் பார்த்தால் மக்னோலியா, துலிப் மரம், ஹிக்கரி எல்லாம் அங்கத்திய மரங்களாகவே இருந்திருக்கின்றன. அப்புறம் வந்தது பனியுகம். அதுவும் ஒரு தடவை வந்து போனதல்ல, கடந்த 26 லட்சம் ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்தது. குளிர் வடக்கிலிருந்து இறங்கும்போது மரங்கள் விதை வழியாகத் தலைமுறை தலைமுறையாகத் தெற்கே நகரும். ஐரோப்பாவில் அந்த வழியில் பிரனீஸ், ஆல்ப்ஸ், கார்பேத்தியன் என்று மலைகள் குறுக்கே படுத்திருக்கின்றன, அதைத் தாண்டினால் மத்தியதரைக் கடல், அதையும் தாண்டினால் சகாரா. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலை வடக்கு தெற்காக ஓடுவதால் அங்கே வழி மறிக்கவில்லை. கிழக்காசியாவில் ஐரோப்பா மாதிரி சமவெளியை மூடிய பனிப்படலமே கிடையாது, தெற்கே வெப்பமண்டலக் காடு வரைக்கும் நிலம் தொடர்ச்சியாகவும் இருந்தது.

பனியுகத்தின் தலையில் மட்டும் பழியைப் போட முடியாது, அதற்கு வெகு காலம் முன்பே ஆசியாவில் மர வம்சங்கள் கூடுதலாக இருந்தன என்பது ரிக்லெஃப்ஸ் கட்சி. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

தப்பிப் பிழைத்தவையும் சில உண்டு. சிசிலித் தீவின் இப்லேய் மலைப் பக்கம் 1991-ல் அறிவியலுக்கு அறிமுகமானது செல்கோவா சிகுலா. மரம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம், பெரும்பாலும் இரண்டு மூன்று மீட்டர் உயரப் புதர். அதன் செல்களில் குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதால் காய் பிடித்தாலும் முளைக்கும் விதை கிடைப்பதில்லை. வேரிலிருந்து பக்கக் கன்று விட்டு விட்டே காலம் தள்ளுகிறது. அதன் உறவுக்காரர்கள் கிரீட் தீவில், காகசஸ் பக்கம், சீனாவில், ஜப்பானில் இருக்கிறார்கள். நடுவில் இருந்த ஐரோப்பியக் கூட்டம் முழுக்க அழிந்துவிட்டது.

துருவத்தை நோக்கிப் போகப் போக உயிரினங்கள் குறையும் என்று பாடத்தில் இருக்கிறது. எப்போதுமே அப்படித்தானா?
*பிளஸ் டூ மாணவி, சிவகாசி*

இவ்வளவு செங்குத்தாக எப்போதும் குறையவில்லைம்மா. கனடாவின் வட கோடியில் எல்ஸ்மியர் தீவு இருக்கிறது. இன்று அங்கே போனால் பனி, பாறை, தரையோடு ஒட்டிய செடிகள், அவற்றை மேயும் கஸ்தூரி எருது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் முதலைக் குடும்பத்து அலிகேட்டர், ஆமை, டாபிர் எல்லாம் இருந்தன, எலும்புகள் கிடைத்திருக்கின்றன.

பக்கத்துத் தீவான ஆக்சல் ஹைபர்கில் 1985-ல் கண்டெடுத்தது இன்னும் ஆச்சரியம். சுமார் 4.5 கோடி ஆண்டுப் பழைய காடு, அடிமரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவை கல்லாக மாறவில்லை, மரமாகவே இருக்கின்றன. ரம்பம் போட்டால் அறுபடும், நெருப்பு வைத்தால் எரியும், சருகைப் பிரித்தால் இலை தனியாக வரும். அதில் பெரும் பங்கு மெட்டாசெக்வோயா. இந்த மரத்துக்கு 1941-ல் ஷிகேரு மிகி என்ற ஜப்பானியத் தாவரவியலாளர் பெயர் வைத்ததே புதைபடிவத்தைப் பார்த்துத்தான். அடுத்த சில வருடங்களில் சீனாவின் உட்பகுதிக் கிராமம் ஒன்றில் அது உயிரோடு நிற்பது தெரிய வந்தது, 1948-ல் முறைப்படி விவரித்தார்கள்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் காலத்திலும் துருவத்தில் மாதக்கணக்கில் இருட்டுதான். இன்று போலவே குளிர்காலம் முழுக்கச் சூரியன் கிடையாது. உறைபனி மட்டும் அநேகமாக இல்லை. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவில் பெரிய அளவில் பனி படியத் தொடங்கியது, பூமியே குளிர ஆரம்பித்தது. அதுவரை கதகதப்பில் வளர்ந்த வம்சங்களில் உறைபனியைத் தாங்கும் உடம்பு சிலவற்றுக்குத்தான் வாய்த்தது. மற்றவை பூமத்தியரேகைப் பக்கம் ஒதுங்கின, அல்லது ஒழிந்தன. இன்றைய வெப்பமண்டலக் காட்டில் நாம் பார்க்கும் கூட்டத்தில் பெரும் பகுதி அந்தப் பழைய கதகதப்பு உலகத்தின் வாரிசுகள்தான். பரீட்சையில் இதை எழுதினால் மார்க் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

சூடான இடத்தில் பரிணாமம் வேகமாக நடக்கும், அதனால்தான் அங்கே இனங்கள் அதிகம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். சரியா?
*வாசகர், ஈரோடு*

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கணக்கு உதைக்கிறது. டேனியல் ராபோஸ்கியின் குழு 30,000-க்கும் மேற்பட்ட மீன் இனங்களின் வம்சாவளியை அலசி 2018-ல் ஒரு முடிவு வெளியிட்டது. கடலில் புதிய மீன் இனங்கள் அதிவேகமாகப் பிரிந்து உருவாவது பவளப்பாறைகளில் இல்லை, துருவங்களை ஒட்டிய குளிர்ந்த கடலில்! அண்டார்டிகாவைச் சுற்றி வாழும் ஐஸ்ஃபிஷ் கூட்டத்தைப் பாருங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபினே கிடையாது, ரத்தம் நிறமில்லாமல் தண்ணீர் மாதிரி இருக்கும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரைவதால் அப்படியே ஓட்டிவிடுகிறது. அதுவும் அதன் பங்காளிகளும் உறையாமல் காக்கும் புரதத்தை ரத்தத்தில் வைத்துக்கொண்டு, மற்ற மீன்கள் கைவிட்ட கடலில் இனம் இனமாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன.

பறவைகள், பாலூட்டிகள் பற்றி வைர், ஷ்லூட்டர் இருவரும் 2007-ல் சொன்னதும் இதே தினுசுதான். நெருங்கிய சகோதர இனங்களை ஜோடி ஜோடியாக எடுத்துப் பார்த்தால், குளிர்ப் பிரதேசத்து ஜோடிகள் சமீபத்தில் பிரிந்தவை, வெப்பமண்டலத்து ஜோடிகள் பிரிந்து ரொம்ப காலம் ஆகிறது.

வரவு அதிகம் என்பதாலேயே ஒரு குடும்பம் பணக்காரக் குடும்பம் ஆகிவிடாது, செலவையும் பார்க்க வேண்டும் இல்லையா? குளிர்ப் பிரதேசத்தில் புதிய இனம் சீக்கிரம் உருவாகிறது, சீக்கிரம் அழிந்தும் போகிறது. வெப்பமண்டலத்தில் அழிவு குறைவு, கணக்குத் தொடங்கியும் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன.

உடனே 'அப்படியானால் வெப்பமண்டலத்தில் எல்லாமே மந்தம்தான்' என்று எழுதிவிடாதீர்கள். ஆண்டீஸ் மலை உயர்ந்து புதிய குளிர்ப் புல்வெளிகள் உண்டானபோது லூபின் செடிகள் 20 லட்சம் ஆண்டுகளுக்குள் 80 இனங்களாகப் பிரிந்தன. அதுவும் வெப்பமண்டலம்தான், ஆனால் வேகத்துக்குக் காரணம் புதிதாக முளைத்த மலை.

சில வருஷம் கென்யாவில் இருந்தேன். பூமத்தியரேகை நாட்டுக்கு நடுவிலேயே போகிறது. ஆனால் தென் அமெரிக்கக் காடுகள் பற்றிப் படிக்கும் அளவுக்கு அங்கே வகை வகையாகப் பனை மரங்களைப் பார்த்ததில்லையே?
*வாசகர், தூத்துக்குடி*

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பனைக் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் அமெரிக்கக் கண்டங்களில் 700-க்கும் மேல், ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் 70-கூடக் கிடையாது. பக்கத்தில் கிடக்கும் மடகாஸ்கர் தீவில் மட்டும் சுமார் 200! நீங்கள் மொம்பாசாவில் பார்த்த தென்னை மனிதன் நட்டது. நம் பனைமரத்தின் நெருங்கிய உறவான ஆப்பிரிக்கப் பனையும், கிளை விடும் டூம் பனையும் கண்ணில் பட்டிருக்கும்.

ஆப்பிரிக்காவிலும் ஒரு காலத்தில் பனை வகைகள் நிறைய இருந்தன என்று பழைய மகரந்தப் படிவங்கள் சொல்கின்றன. மேலே சொன்ன 3.4 கோடி ஆண்டுக் குளிர்ச்சியில் ஒரு பெரிய அடி. பிறகு கண்டமே படிப்படியாக வறண்டு, மழைக்காடு துண்டு துண்டாகச் சுருங்கியதில் இன்னும் பல அடி. தென் அமெரிக்காவில் அமேசான் பக்கம் ஈரம் இவ்வளவு மோசமாக அறுபடவில்லை. பூமத்தியரேகை மேலே இருந்தால் மட்டும் போதாது, ஈரம் இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் ஆப்பிரிக்காவிலேயே இருக்கிறது. கண்டத்தின் தென்முனையில் கேப் பகுதி. தமிழ்நாட்டைவிடச் சிறிய பரப்பு, வெப்பமண்டலமும் இல்லை, மண்ணும் சத்தில்லாத மண். அதில் சுமார் 9,000 தாவர இனங்கள், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. பனியுகங்களிலும் அந்த மூலையில் தட்பவெப்பம் அதிகம் ஆட்டம் காணவில்லை என்பது முக்கியமான காரணம்.

நம்ம ஊர் தேன்சிட்டும் ஹம்மிங்பேர்டும் ஒன்றுதானே?
*வாசகி, கும்பகோணம்*

இல்லை. பூவில் தேன் குடிக்கும் ஒரே தொழில், குடும்பம் வேறு. தேன்சிட்டு ஆசியா, ஆப்பிரிக்கா பக்கம். ஹம்மிங்பேர்டு சுமார் 360 இனமும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும். ஆனால் 3 கோடி ஆண்டுப் பழைய ஹம்மிங்பேர்டு எலும்புக்கூடு கிடைத்தது ஜெர்மனியில். கெரால்ட் மய்ர் 2004-ல் அதை அறிவித்தபோது பறவை ஆர்வலர்கள் பலருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் மலையில் ஏதோ டைனோசர் காலத்துத் தவளை இருக்கிறதாமே, உண்மையா?
*வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்*

தவளை இந்தக் காலத்துத் தவளைதான், வம்சம்தான் அந்தக் காலத்தது. 2003-ல் கேரளப் பக்கத்திலிருந்து பிஜு, பொசயட் இருவரும் ஊதாத் தவளையை அறிவித்தார்கள். உப்பிய உடம்பு, கூரான மூக்கு, மண்ணுக்குள்ளேயே கறையான் தின்று வாழ்ந்து, மழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் இணை சேர வெளியே வரும். தலைப்பிரட்டைகள் ஓடை வெள்ளத்தில் அடித்துப் போகாமல் பாறையில் வாயால் கவ்விக்கொண்டு தொங்கும். இதன் மிக நெருங்கிய உறவு இந்தியாவில் இல்லை, கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது. இரண்டும் ஒரே நிலத்துண்டாகத் தெற்கே இருந்த நாளிலேயே இந்த வம்சங்கள் பிரிந்துவிட்டன. 2017-ல் உங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கிடைத்தது இதன் இரண்டாவது இனம், ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென் பகுதியில் மழை மாதங்கள் அதிகம், வறட்சி குறைவு, வடக்கே போகப் போக நாலே மாத மழை. இப்படிப் பழைய வம்சங்கள் தெற்கே அதிகம் தங்கியிருப்பதில் வியப்பில்லை.

பூமி எத்தனையோ முறை சூடாகி ஆறியிருக்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். பிறகு இப்போது ஒன்றிரண்டு டிகிரிக்கு ஏன் இவ்வளவு கூப்பாடு?
*வாசகர், சென்னை*

வேகத்துக்காக. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி 5 டிகிரிக்கு மேல் சூடானது, அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. அப்படியும் ஆழ்கடல் அடியில் வாழ்ந்த நுண்ணுயிர்களில் பெரும் அழிவு. நாம் ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றியது சுமார் 150 ஆண்டுகளில்.

இன்னொன்று, அடி பலமாக விழுவது வெப்பமண்டலத்தில். டேனியல் ஜான்சன் 1967-லேயே இதன் அடிப்படையைச் சொல்லிவிட்டார். ஐரோப்பிய மலையடிவாரத்து விலங்கு ஒரே வருடத்தில் கோடையையும் பனியையும் பார்க்கிறது, மலை ஏறினால் புதிதாக ஒன்றும் வந்துவிடாது. வெப்பமண்டலத்தில் அடிவாரம் வருடம் முழுக்க அடிவார வெப்பம், உச்சி வருடம் முழுக்க உச்சிக் குளிர். அங்கங்கே இருப்பவை அந்தந்த வெப்பத்துக்கே பழகியவை. ஒரு மலைக்கு இத்தனை இனங்கள் அடுக்கடுக்காக இருப்பதற்குக் காரணமும் இதுதான், சூடு ஏறினால் முதலில் மாட்டிக்கொள்வதற்குக் காரணமும் இதுதான்.

பெரு நாட்டின் பாண்டியகோயா மலைமுகட்டில் 1985-ல் எந்தப் பறவை எந்த உயரத்தில் என்று கணக்கெடுத்தார்கள். 2017-ல் அதே பாதையில் மறுபடி ஏறிப் பார்த்தபோது பெரும்பாலான பறவைகள் மேலே நகர்ந்திருந்தன. ஏற்கெனவே உச்சியில் இருந்தவற்றில் சிலவற்றை எவ்வளவு தேடியும் காணவில்லை. அந்த மலையில் யாரும் காட்டை வெட்டவும் இல்லை.