பழைய விமானப் பாகத்துக்கு விலை வைப்பது எப்படி?

கேள்வி: 1940-களின் சிறிய விமானம் ஒன்றின் பாகங்கள் கைக்கு வந்துள்ளன. கழற்றிய காண்டினென்டல் ஏ-65 இன்ஜின், இரண்டு மேக்னெட்டோக்கள் (இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவிகள்), பிரிக்காத சில பெட்டிகள். மொத்தமாக விலை பேசிவிடலாமா?

பதில்: வேண்டாம். மொத்தமாகப் பேசினால், இன்ஜினின் சுழல்தண்டான நல்ல கிராங்க்‌ஷாஃப்ட்டும் துருப்பிடித்த போல்ட்டும் ஒரே தராசில் போய்விடும்.

முதலில், எதையும் பளபளப்பாக்காதீர்கள். மணல் வீசிச் சுத்தம் செய்து புதுப் பெயின்ட் அடித்த பாகத்தைக் கண்டால், விரிசலை மறைக்கத்தான் இந்த வேலையோ என்று விவரம் தெரிந்தவருக்குச் சந்தேகம் வரும். பொறித்த எண்ணும் தேய்ந்துபோகும். துணியால் துடைத்து, எண்ணைப் படமெடுத்து, தயாரிப்பாளரின் பாகப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண் பெரும்பாலும் வார்ப்பு எண்தான், பாக எண் அல்ல. விற்பனையில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

அடுத்தது கணக்கு. ஓவர்ஹால் (பிரித்துச் சோதித்துப் புதுப்பித்தல்) முடித்த அதே பாகம் இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறதோ, அதில் ஓவர்ஹால் செலவைக் கழியுங்கள். சோதனையில் தேறாமல் போகக்கூடும் என்பதற்காக இன்னொரு பங்கையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் விலை. அந்தக் கடைசிப் பங்கைக் குறைக்க வேண்டுமானால் அளந்து காட்டுங்கள். கிராங்க்‌ஷாஃப்ட்டின் ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதி) மைக்ரோமீட்டரால் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து எழுதுங்கள். இரண்டும் வேறுபட்டால் அது நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. ஏற்கெனவே 0.010 அங்குலம் குறைத்துக் கடைந்ததா என்று பாருங்கள். அப்படியென்றால் மறுபடி கடைய இடம் இல்லாமல் போகலாம். முன்முனை கூம்பா, ஃபிளேஞ்சா (தட்டையான விளிம்பு) என்பதையும் சொல்லிவிடுங்கள், புரொப்பெல்லரின் நடுப்பகுதியான ஹப் அதைப் பொறுத்தது. விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனையில் தேறிய சான்று கையில் இருந்தால் பேரமே வேறு.

மேக்னெட்டோவைக் கையால் சுற்றிப் பொறி வந்தால் போதாது. பழைய சுருள்களின் காப்பு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். குளிரில் நன்றாக இயங்கி, சூடேறியதும் கைவிடும். அதனால் சூடான நிலையிலும் சோதித்துப் பாருங்கள். ஐஸ்மன் வகை என்றால், ஓடாவிட்டாலும் தூக்கிப் போடாதீர்கள். அதற்குப் பாகங்கள் அரிது. உள்ளே இருப்பவற்றுக்காகவே வாங்குவார்கள்.

கேள்வி: பிரிக்காத பெட்டி என்றால் முழு விலை கேட்கலாம்தானே?

பதில்: உள்ளே உலோகமா, ரப்பரா? ரப்பர் உறையில் '2க்யூ68' என்பதுபோல் இருக்கும்; 1968-இன் இரண்டாம் காலாண்டில் பதப்படுத்தியது என்று பொருள். நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குகளுக்கு (கசிவைத் தடுக்கும் வளையங்கள்) பொதுவாக ஏற்கும் இருப்புக் காலம் 15 ஆண்டு. அதைத் தாண்டியது எத்தனை புதிதாகத் தெரிந்தாலும் பறப்பதற்கு உதவாது. கார்க் கேஸ்கெட் சுருங்கியிருக்கும், பேரிங்கின் கிரீஸ் காய்ந்து அடியில் துரு தொடங்கியிருக்கும். கியர், வால்வு, பிஸ்டன் பின் போன்றவை எண்ணெய்க் காகிதத்தில் நன்றாக இருந்தால் தயங்காமல் நல்ல விலை சொல்லுங்கள். பெட்டியை மட்டும் கிழிக்காதீர்கள். அசல் பெட்டியும் அதன் மேலுள்ள பாக எண்ணும், அது எங்கிருந்து வந்தது என்பதற்குப் பாதிச் சாட்சி.

கேள்வி: எந்தச் சான்றும் இல்லாத பாகத்தை விற்கலாமா?

பதில்: விற்கலாம், உண்மையைச் சொல்லி. பாகம் பறக்கத் தகுந்தது என்று சான்றளிக்கும் தாள், அதாவது அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் 8130-3 அல்லது ஐரோப்பியப் படிவம் 1, இருப்பதும் இல்லாததும் விலையை அடியோடு மாற்றும். இல்லையென்றால், எந்த விமானத்திலிருந்து எப்போது கழற்றியது, எத்தனை மணி நேரம் ஓடியது, அது விபத்தில் சிக்கிய விமானமா என்பதை எழுதிக் கையெழுத்திடுங்கள்; லாக் புத்தகப் பக்கத்தின் நகலும் வையுங்கள். பொருத்தத் தகுந்ததா என்று முடிவுசெய்து கையெழுத்திடுவது மெக்கானிக். அவருக்குத் தேவை இந்தத் தாள்கள். ஆயுள் வரம்புள்ள பாகத்துக்கு மணிக்கணக்கு தெரியாவிட்டால் அது அலங்காரப் பொருள்தான். தேறாதவற்றை வெட்டிச் சிதைத்த பிறகே பழைய இரும்புக்குப் போடுங்கள். முழுதாகப் போனது மெருகேறி மறுபடி சந்தைக்கு வரும், யாரோ ஒருவர் அதை நம்பிப் பறப்பார்.

கேள்வி: பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் அசல் இறக்கைத் தாங்கிகள் இருக்கின்றன. அசல் என்பதால் மதிப்பு கூடுமா?

பதில்: குறையும். தாங்கிக் குழாய்க்குள் தண்ணீர் இறங்கிக் கீழ்முனையில் தங்கி, உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். அதனால்தான் எஃப்.ஏ.ஏ.வின் 2015-08-04 ஆணைப்படி இவற்றை 24 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். முற்றிலும் அடைத்த புதுத் தாங்கிகளுக்கு அந்தத் தொடர் சோதனை இல்லை. உங்கள் தாங்கிகளை அல்ட்ராசவுண்டில் சோதித்து முடிவை இணைத்தால் ஓரளவு விலை வரும்.

கேள்வி: பாகத்துக்குப் பாகம் மாற்றிக்கொள்ளும்போது எதில் ஏமாறுவோம்?

பதில்: நல்ல பாகத்தை வாங்கிக்கொண்டு பதிலுக்குத் திருப்பித் தரும் பழைய பாகத்தில். அதில் விரிசல் இருந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாளில் சொல்ல வேண்டும், அதற்காகக் கட்டிய முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். வரிசை எண் தெரியும்படி இரு தரப்பும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மீட்டர்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை: முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் பூசியிருக்கலாம். ஒளிர்வது நின்றிருந்தாலும் கதிர்வீச்சு நிற்கவில்லை. ரேடியம்-226 பாதியாகவே சுமார் 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடியைத் திறக்காதீர்கள், அனுப்பும் முன் அஞ்சல், சரக்கு விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.