கதவைச் சாத்திக்காதீங்க தம்பி
மனம் விட்டுப் பேசுவோம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கேன், வயசு 38, மிருதங்கம் வாசிக்கிறவன். அரங்கேற்றம், கல்யாணம், கோவில் கச்சேரின்னு போவேன், வீட்டுல 11 புள்ளைங்களுக்கு கிளாஸ். நாலு மாசத்துக்கு முன்னாடி கச்சேரி முடிஞ்சி ராத்திரி மோட்டர்சைக்கிள்ல வரும்போது மழையில வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சிருச்சி. இன்னும் ரெண்டு மாசம் வாத்தியத்த தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வாயாலேயே சொல்கட்டு சொல்லி கிளாஸ் எடுக்கறேன், பாதி பேர் நின்னுட்டாங்க. வாடகை ரெண்டு மாசம் பாக்கி, பொண்டாட்டி சங்கிலி அடகுல, கிரெடிட் கார்டும் நெறஞ்சிருச்சி. இப்போ பழைய மாணவர்கள் சேர்ந்து எனக்காக ஒரு கச்சேரி வெச்சி பணம் தெரட்டி தரோம்னு நிக்கிறாங்க. எனக்கு ஒடம்பே கூசுது அக்கா. கைநீட்டி வாங்கிட்டா நாளைக்கு எந்த மேடையில நிமிந்து ஒக்கார்றது? ஒரு ஆலோங்கிட்ட, அதான் லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்கிட்ட, 3000 வெள்ளி (ரிங்கிட்) எடுத்து யாருக்கும் தெரியாம சமாளிச்சிரலாமான்னு யோசிக்கிறேன். என்ன சொல்றீங்க?

பதில்: தம்பி, ஒங்க கடுதாசிய மூணு தடவ படிச்சேன். மொதல்ல அந்த ஆலோங் விஷயம். வேணாம் தம்பி. 3000ன்னு பேசுவான், மொத வட்டியையும் ஏதோ ஒரு சார்ஜையும் கழிச்சிட்டு மிச்சத்ததான் கையில குடுப்பான், ஐசி (அடையாள அட்டை) காப்பி, வீட்டு அட்ரஸ், ஒங்க மனைவி போன் நம்பர் எல்லாம் வாங்கி வெச்சிக்குவான், ரெண்டு வாரம் தவறினா கேட்ல செவப்பு சாயம் ஊத்திட்டு போவான். யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதானே அவன்கிட்ட போறீங்க, கடைசியில நீங்க குடியிருக்கற தாமான் பூரா தெரியும்.

இப்போ கூச்சத்துக்கு வரேன். அது எனக்கும் நல்லா தெரிஞ்ச கூச்சம். நான் 26 வருஷமா பரதம் சொல்லித் தரேன். 2020 மார்ச் 18ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்துச்சி பாருங்க, அன்னிக்கி கிளாஸ் சாத்தினது, அப்புறம் கோவில் இல்ல, கல்யாண மண்டபம் இல்ல, சலங்கை ஆணியில தொங்கிட்டே இருந்துச்சி. கம்பெனியில வேல செஞ்சவங்க ஈபிஎஃப், அதான் தொழிலாளர் சேமநிதியில இருந்து மாசம் 500 வெள்ளி வரைக்கும் எடுத்துக்கலாம்னு அரசாங்கம் சொன்னப்போ பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் ஃபாரம் பூர்த்தி பண்ணாங்க, நான் எதை எடுக்கறது, ஒரு காசு கட்டினதில்ல, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு யார் கட்டுவா. ஏப்ரல் கடைசியில ஒரு நாள் காலையில கேட்ட தொறந்தா 10 கிலோ அரிசி மூட்ட, மேல ஒரு பிளாஸ்டிக் பையில மைலோ, ரெண்டு டின் சார்டின், அதுக்குள்ள ஒரு என்வலப். பென்சில்ல 'மார்ச், ஏப்ரல்'னு எழுதியிருந்துச்சி. உள்ள 120 வெள்ளி. என் மாணவி ஒருத்தியோட அம்மா, சிலாயாங்ல தையல் வேல செய்றவங்க, நான் எடுக்காத கிளாசுக்கு ஃபீஸ் கட்டியிருந்தாங்க.

நான் என்ன பண்ணேன் தெரியுமா, அரிசிய உள்ள எடுத்து வெச்சிட்டு என்வலப்ப மட்டும் பக்கத்து வீட்டு பையன்கிட்ட குடுத்து திருப்பி அனுப்பிட்டேன். சொல்லித் தராததுக்கு காசு வாங்கக் கூடாதுன்னு எனக்குள்ள ஒரு கர்வம். ஜூலை கடைசியில கிளாஸ் திரும்ப தொறந்தப்போ அந்தப் புள்ள வரல. ரெண்டு வாரம் பாத்துட்டு நேர்ல போனேன். அந்த அம்மா மெஷின விட்டு எந்திரிக்காமலே, தலைய குனிஞ்சிக்கிட்டு, "நாங்க குடுத்த காச நீங்க வாங்கல டீச்சர், எங்க காசு ஒங்களுக்கு கொறச்சலா போச்சோன்னு நெனச்சோம், அப்புறம் எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு புள்ளைய அனுப்புறது"ன்னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சி. நான் என் வெக்கத்த மட்டும்தான் பாத்தேன், அந்த நோட்டுங்கள எண்ணி என்வலப்ல வெச்சப்போ அவங்க மனசு எப்படி இருந்திருக்கும்னு பாக்கவே இல்ல. அந்தத் தையல் டேபிள்ல வெச்சே அந்த 120 வெள்ளிய கேட்டு வாங்கிட்டு வந்தேன். புள்ள அடுத்த சனிக்கெழம வந்துருச்சி.

ஒங்க மாணவர்கள் கச்சேரி வெக்கிறோம்னு சொல்றாங்களே, அவங்க பக்கம் இருந்தும் கொஞ்சம் பாருங்க. தா தீ தொம் நம் சொல்லிக் குடுத்து, பிஞ்சு வெரல புடிச்சி மிருதங்கத்து மீட்டுல வெச்சி அழுத்தினது நீங்க. இந்த நேரத்துல நீங்க வேணாம்னு சொன்னா அவங்க எங்க போய் நிப்பாங்க?

சிறுபாணாற்றுப்படைன்னு ஒரு சங்கப் பாட்டு, அதுல ஒரு எடம் வரும், நல்லூர் நத்தத்தனார் பாடினது. கிணைப்பறை அடிக்கிறவன் வீடு, அதாவது ஒங்கள மாதிரி தாள வாத்தியக்காரன் வீடுதான். கூரை இடிஞ்ச அடுப்படி, கரையான் அரிச்ச சுவத்துல காளான், கண்ணு தொறக்காத நாய்க்குட்டி பால் இல்லாத மடிய இழுக்குது, தாய் நாய் வலி தாங்காம கொரைக்குது. அந்த வீட்டுப் பொண்ணு குப்பையில மொளச்ச வேளைக் கீரைய நகத்தால கிள்ளி, உப்பு கூட இல்லாம வேக வெச்சி, ஊர்க்காரங்க பாத்துட்டா வெக்கம்னு கதவ அடைச்சிட்டு சொந்தக்காரங்களோட ஒக்காந்து சாப்பிடுறா. ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கதவு அது. அந்தக் கதவத்தான் தம்பி நீங்களும் சாத்த பாக்குறீங்க, பொண்டாட்டி சங்கிலி அடகுல இருக்கறது வரைக்கும் உள்ள வெச்சிக்கிட்டு. ஆனா அந்தப் பாட்டு முழுக்க யார் பேசுறான்னு பாருங்க, அந்தப் பசி தீர்ந்து நல்லியக்கோடன்ங்கிற ராஜாகிட்ட பரிசு வாங்கிட்டு திரும்பி வர்ற பாணன் ஒருத்தன், வழியில பாக்குற இன்னொரு பாணன்கிட்ட 'எனக்கு இப்படித்தான் இருந்துச்சி, நீயும் போ'ன்னு வழி சொல்றான். தன் வீட்டு வறுமைய வெளிய சொல்றதுல அவனுக்கு கூச்சமே இல்ல. அவன் பேர் கெட்டுப் போச்சா?

அதனால கச்சேரிக்கு சரின்னு சொல்லுங்க, ஆனா எப்படி நடக்கணும்னு நீங்களும் சேந்து ஒக்காந்து பேசுங்க. எவ்வளவு வேணும்னு கணக்கு எழுதுங்க, வாடகை பாக்கி, சங்கிலி மீக்கறது, வாசிக்க முடியாத ரெண்டு மாச செலவு, அவ்வளவுதான். ரவுண்டா பெரிய தொகை சொல்லாதீங்க, வெக்கப்பட்டு கொறச்சியும் சொல்லாதீங்க. கொறச்சி சொன்னா மூணாவது மாசம் திரும்ப கேக்க வேண்டி வரும், அதுதான் நெஜமா கஷ்டம். பணத்த ஒங்க சொந்த அக்கவுண்டுக்கு நேரா வாங்காம, நாலு பேர் நம்புற ரெண்டு பெற்றோர் வெச்சிக்கட்டும், எவ்வளவு வந்துச்சி எதுக்கு போச்சின்னு முடிஞ்சதும் எல்லாருக்கும் ஒரு பேப்பர்ல காட்டட்டும். போட்டோ போடுறது, ஒங்க கட்டு போட்ட கைய போஸ்டர்ல போடுறது, இதெல்லாம் வேணாம்னு தெளிவா சொல்லுங்க, அந்த உரிமை ஒங்களுக்கு இருக்கு. அப்புறம் ஒன்னு, அன்னிக்கி பார்வையாளர் வரிசையில ஒக்காராதீங்க. கைதானே ஒடஞ்சிருக்கு, நாக்கு நல்லாதான இருக்கு. மேடையில ஏறி, சொல்கட்ட வாயாலேயே சொல்ற கொன்னக்கோல் சொல்லுங்க. ஒங்க பசங்க வாசிக்க நீங்க தாளம் போட்டு சொன்னீங்கன்னா, அன்னிக்கி ஒங்கள பாத்து பரிதாபப்பட யாருக்கும் நேரம் இருக்காது.

கிரெடிட் கார்டுக்கு ஏகேபிகேங்கிற கடன் ஆலோசனை அமைப்புக்கு போங்க. 2006ல பேங்க் நெகாரா ஆரம்பிச்சது, ஆலோசனைக்கு காசு கெடையாது, பேங்க் கடன மாசத் தவணைய கொறச்சி கட்டுற மாதிரி பேசித் தருவாங்க. ஆலோங் கடனுக்கு அவங்களால ஒன்னும் பண்ண முடியாது, அதுக்கும் சேத்துதான் மேல அவ்வளவு சொன்னேன். கை சரியானதும் மொத வேலையா சொக்சோங்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தோட சுயதொழில் திட்டத்துல பேர் பதிஞ்சிருங்க. 2017 சட்டம், மொதல்ல டாக்சிக்காரங்களுக்குன்னு வந்துச்சி, 2020ல இருந்து கலைத்துறையும் அதுல இருக்கு. கொறஞ்ச திட்டம் வருஷத்துக்கு 157 வெள்ளி 20 காசு, வேலைக்கு போய் வர்ற வழியில விழுந்தாலும் கணக்குல வரும். நீங்க பதிஞ்சிருந்தா இந்த நாலு மாசம் இப்படி இருந்திருக்காது, ஒங்கள குத்திக் காட்ட சொல்லல, எனக்கே 2021லதான் ஒருத்தர் சொல்லித் தெரியும். ஈபிஎஃப்ல ஐ-சாரான்னு ஒன்னு இருக்கு, நம்மளா கட்டினா அரசாங்கம் அதுக்கு மேல வருஷத்துக்கு 500 வெள்ளி வரைக்கும் போடும். தை மாசம் கல்யாணம், தைப்பூசம்னு கையில காசு பொழங்கும் பாருங்க, அப்போ கட்டிருங்க. ஆடியிலயும் மார்கழியிலயும் முகூர்த்தம் இல்லாம நம்ம வீட்டு அடுப்பு எப்படி எரியும்னு ஒங்களுக்கு நான் சொல்லவா வேணும்.

இன்னிக்கி ராத்திரி மனைவிய ஒக்கார வெச்சி எல்லா கணக்கையும் சொல்லிருங்க தம்பி, அவங்க கழுத்துல இருந்து கழட்டி குடுத்தவங்க, அவங்களுக்கு தெரியாததுன்னு எதுவும் இருக்க வேணாம்.

கேள்வி: அக்கா, நான் பட்டர்வொர்த். என் தங்கச்சி நல்லா படம் வரைவா, வாட்டர் கலர்ல ஜார்ஜ்டவுன் பழைய கடை வீடு, லிட்டில் இந்தியா பூக்கடையெல்லாம் வரைஞ்சி ஹின் பஸ் டிப்போ ஞாயித்துக்கெழம சந்தையில விக்கிறா. சில மாசம் 300 வெள்ளி கூட வராது. போன மாசம் அவ அக்கவுண்டுல 500 போட்டேன், பத்து நிமிஷத்துல திருப்பி அனுப்பிட்டா, அதுல இருந்து பேச்சும் இல்ல. உதவி பண்ணது தப்பா?

பதில்: உதவி பண்ணது தப்பில்ல தம்பி, ஆனா எப்படி பண்ணீங்கன்னு பாருங்க. ஒரு வார்த்த பேசாம அக்கவுண்டுல போட்டிருக்கீங்க. பெருஞ்சித்திரனார்னு ஒரு சங்கப் புலவர் மலையெல்லாம் தாண்டி அதியமான்ங்கிற ராஜாவ பாக்க போறாரு, அவன் நேர்ல பாக்காமலே பரிச அனுப்பி 'வாங்கிட்டு போகச் சொல்லு'ங்கிறான். புலவர் வாங்கல. என்ன பாக்காம குடுக்குற பொருளுக்கு நான் வியாபாரி இல்ல, என்ன தெரியும்னு அறிஞ்சி தெனையளவு குடுத்தாலும் அது இனிப்புன்னு சொல்லிட்டாரு, புறநானூறு 208. ஒங்க தங்கச்சியும் அதையேதான் சொல்லியிருக்கா.

அவ கடைக்கு எத்தன தடவ போயிருக்கீங்க? அடுத்த ஞாயிறு ஃபெரி ஏறி போங்க, பெட்டி தூக்குங்க, மேசை போடுங்க, நாலு மணி நேரம் பக்கத்துல நில்லுங்க, எந்தப் படத்துக்கு முன்னாடி ஆளுங்க நிக்கிறாங்கன்னு பாருங்க. அப்புறம் ஒரு வேல குடுங்க. ஒங்க அப்பாவோட பழைய கடையோ, நீங்க வளந்த வீடோ, ஏதோ ஒன்னு வரைஞ்சி குடும்மான்னு கேளுங்க, வெலைய அவளே சொல்லட்டும், பேரம் பேசாதீங்க, பாதிய முன்பணமா குடுங்க. தங்கச்சிதானேன்னு டிஸ்கவுண்ட் கேட்டீங்கன்னா திரும்ப மொதல்ல இருந்துதான்.

பினாங்கு காத்துல இருக்குற ஈரத்துக்கு காகிதத்துல பூஞ்ச பிடிச்சி பழுப்பு புள்ளி விழும், வாட்டர் கலருக்கு பஞ்சு காகிதம் ஒரு ஷீட்டு என்ன வெலன்னு கேட்டு பாருங்க, ஒன்னு கெட்டாலும் நெஞ்சு அடிச்சிக்கும். படம் வெக்கிற டிரை கேபினெட், அதான் ஈரம் புகாத பெட்டி, ஒன்னு சின்னதா வாங்கி குடுங்க, அத திருப்பி அனுப்ப மாட்டா. இன்னொன்னு, 2017ல ஆரம்பிச்ச சென்டானாங்கிற கலை வளர்ச்சி நிறுவனம் கலைஞர்களுக்கு நிதி குடுக்குது, அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கணும். வரையத் தெரிஞ்ச புள்ளைங்களுக்கு அந்த விண்ணப்பத்துல இருக்குற பட்ஜெட் பக்கத்த பாத்தாலே கை ஓடாது. கணக்கு பாக்கத் தெரிஞ்ச அண்ணன் பக்கத்துல ஒக்காந்தா ஒரு ராத்திரியில முடிஞ்சிரும். ஆனா மொதல்ல போன் பண்ணி, கேக்காம போட்டது தப்புதாம்மான்னு சொல்லிருங்க.

கேள்வி: பத்துமலை பக்கம் உறுமி மேளக் குழு வெச்சிருக்கோம், 14 பேர். ஒரு கோவில் நிர்வாகம் ரெண்டு வருஷமா 'சாமி காரியம், காசு கேக்கலாமா'ன்னு சொல்லியே வாசிக்க வெக்கிறாங்க. கேட்டா பாவமாக்கா?

பதில்: பாவம் இல்லப்பா. பந்தல்காரருக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் அதே சாமி காரியத்துக்குத்தான காசு போகுது. வேன் வாடகை, தோல் மாத்துற செலவு, மறுநாள் லீவு போடுற பசங்களோட சம்பளம், எல்லாம் ஒங்க பாக்கெட்ல இருந்துதான் போகுது. வருஷத்துல ஒரு நாள் ஒங்க சொந்த விருப்பத்துல சேவையா வாசிங்க, எந்த நாள்னு நீங்களே முடிவு பண்ணுங்க, மத்த நாளைக்கு தொகைய மரியாதையா சொல்லுங்க. தலைவர்கிட்ட தனியா போகாதீங்க, குழுவுல மூத்தவர் ஒருத்தர கூட்டிட்டு போங்க. பேசி முடிச்சதும் தேதி, நேரம், தொகை, முன்பணம் எவ்வளவுன்னு வாட்சப்ல அன்னிக்கே எழுதி அனுப்பி, அவங்க 'சரி'ன்னு பதில் போட்ட பிறகு பசங்களுக்கு சொல்லுங்க.