அடிபட்ட பியர்டட் டிராகன்: முதலில் சூடு, பிறகு மருந்து

ராயபுரத்திலிருந்து: மொட்டை மாடியில காக்கா கொத்திக்கிட்டிருந்த எங்க பியர்டட் டிராகனை (ஆஸ்திரேலிய ஓணான் வகை) மீட்டோம். முதுகுல ரெண்டு ஓட்டை. பீட்டாடைனை அப்படியே ஊத்தலாமா அண்ணா?

வேண்டாம். மருந்துக் கடையில் நார்மல் சலைன் வாங்கி, ஊசி கழற்றிய 10 மிலி சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு 1 மிலி பீட்டாடைனை 15 மிலி தண்ணீரில் கலந்தால் பால் ஊற்றாத லேசான டீ நிறம் வரும். அதில் நனைத்த காஸ் துணியால் ஒற்றினால் போதும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள்தூள் மூன்றும் கூடாது. மஞ்சள்தூள் ஓட்டைக்குள் அடைத்துக்கொண்டு அழுக்கை உள்ளேயே வைத்து மூடிவிடும். மரத்துப்போகச் செய்யும் களிம்பையும் தொடாதீர்கள்.

தொட்டியில் மணல் இருந்தால் எடுத்துவிட்டு செய்தித்தாள் விரியுங்கள். மேலே கொசுவலை கட்டாயம். நம்ம ஊர் வெக்கைக்கு, ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் காயத்தில் புழு நெளியும். அலகு, பூனைப்பல் குத்திய காயம் வெளியே கடுகளவு தெரிந்தாலும் கிருமி ஆழத்தில் இருக்கும். இன்றே டாக்டரிடம் போங்கள்.

பெரம்பூரிலிருந்து: ஊசி போட்டு அஞ்சு நாளாச்சு, முன்னேற்றமே இல்லை. ஏசி ரூம்லதான் வெச்சிருக்கோம்.

காரணம் அந்த ஏசிதான். இதன் உடம்பு தானாகச் சூடு உண்டாக்காது. உடல் குளிர்ந்திருந்தால் எதிர்ப்புச் சக்தியும் மந்தம், மருந்தும் சரியாக வேலை செய்யாது. வெயில் காயும் இடம் 38 முதல் 42 டிகிரி, எதிர்முனை 25 முதல் 28 இருக்கட்டும். தரையில் முனை படும் டிஜிட்டல் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள், கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துவண்டு கிடந்தால் நேராக 40-இல் வைக்காமல் 30 டிகிரியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். சூட்டுக்கல் (மின்சாரத்தில் சூடாகும் கல்) வேண்டவே வேண்டாம், நகர முடியாத உயிர் அதன்மேல் படுத்தே வயிறு வெந்துவிடும். சூடு தரும் பல்பும் வலைக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்து உயிர் இது. நம் கடலோரக் காற்றின் ஈரமே அதற்கு அதிகம், தண்ணீர் தெளிக்காதீர்கள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து: வால் நுனி கறுத்துக் காய்ஞ்சிருக்கு. பல்லி மாதிரி திரும்ப வளருமா?

வளராது. கறுப்பின் எல்லையைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துத் தினமும் படம் எடுங்கள். மேலே ஏறினால், மயக்கம் கொடுத்து நல்ல சதையில் வெட்டித் தைக்க வேண்டும். நூல் கட்டுவது, வீட்டில் நறுக்குவது கொடுமை.

கொளத்தூரிலிருந்து: தாடையில கட்டி. பிதுக்கி சீழ் எடுக்கலாமா?

பிதுக்கினாலும் வராது. ஊர்வனவற்றின் சீழ் பனீர்போலக் கெட்டி. மருந்து அதற்குள் ஊறாது, கீறி உறையோடு எடுக்க வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் வீங்கி, தாடை ரப்பர்போல வளைந்தால் அது கட்டியல்ல, கால்சியம் குறைந்த எலும்பு. தூக்கும்போதே ஒடியும். மார்பையும் இடுப்பையும் சேர்த்து உள்ளங்கையில் ஏந்தி எக்ஸ்ரேக்குக் கொண்டுபோங்கள். யுவிபி (கால்சியம் உடம்பில் சேர உதவும் புற ஊதாக் கதிர்) குழல்விளக்கு இல்லாமல் கால்சியம் தூள் மட்டும் தூவிப் பயனில்லை. ஜன்னல் கண்ணாடி வழி வரும் வெயிலும் ஆகாது, கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும்.

திருவொற்றியூரிலிருந்து: நாலு நாளா சாப்பிடலை. சிரிஞ்ச்ல ஊட்டட்டுமா?

குளிர்ந்த வயிற்றில் உணவு செரிக்காமல் அழுகும். முதலில் சூடு, அடுத்து தண்ணீர், கடைசியில்தான் தீனி. தோள்மட்டம் வரை வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம், தலையைப் பிடித்தபடி வையுங்கள். மூக்கு நுனியில் சொட்டு விட்டால் நக்கும். நக்காத அளவு சோர்ந்திருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். டாக்டர் தோலுக்கடியில் நீர் ஏற்றுவார். தேறியதும் முருங்கைக்கீரை, பூசணித் துருவல் கொடுங்கள். பசலை கால்சியத்தைக் கட்டிப்போடும். மின்மினிப்பூச்சி ஒன்றே கொல்லக்கூடும். சமையலறைத் தராசில் தினமும் எடை குறித்துவையுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து: வேப்பேரிக்கு எப்படிக் கொண்டுபோறது? மூணு நாளைக்கு ஒரு ஊசின்னாங்க, போதுமா?

ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே சுருட்டிய துண்டு, ஏசி இல்லாத வண்டி. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது எடைக் குறிப்பும் விளக்கின் படமும் எடுத்துப் போங்கள். செஃப்டாசிடிம் என்ற கிருமிக்கொல்லி ஊசி 72 மணி நேரத்துக்கு ஒருமுறைதான், இதன் உடம்பிலிருந்து அது மெதுவாகவே வெளியேறும். நாய்க்கு எழுதிய மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பல மருந்துகளை முன்காலில் போடுவார்கள், பின்னங்காலில் போட்டால் சிறுநீரகம் வழியாகப் போய்விடும் என்பதால். வீட்டில் நீங்கள் போட வேண்டியிருந்தால் எந்த இடம் என்று காட்டச் சொல்லிப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.