பதில்: அம்மன் படமும் மைக் செட்டும்

நண்பரே, கோயில் மைக் செட் சத்தம் தாங்காமல் கொழிஞ்சாம்பாறை தெருக் குழுவில் அம்மன் காதைப் பொத்திக்கொள்வது போலப் படம் போட்டு, "தாயே, உனக்கே தாங்கலையா?" என்று எழுதினீர்கள். இப்போது கோயில் கமிட்டிக்காரர்கள் கேஸ் போடுவோம் என்கிறார்கள். முதலில் பதறாதீர்கள்.

அவர்கள் சொல்வது மத உணர்வைப் புண்படுத்துவதற்கான, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு. 2024 ஜூலையிலிருந்து அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவு. மூன்று வருடம் வரை சிறை உண்டு, ஜாமீனும் லேசில் கிடைக்காது. ஆனால் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு அவமதித்தால்தான் பொருந்தும். அந்த எண்ணமின்றிக் கவனக்குறைவாகச் செய்தது இதில் வராது என்று 1957லேயே ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காகப் புகாரே வராது என்றில்லை. ஸ்டேஷனுக்கு அலைவதே பாதித் தண்டனை.

நானாக இருந்தால் படத்தை எடுத்துவிடுவேன். பயந்து அல்ல. அது இருக்கும்வரை எல்லோரும் படத்தையே பேசுவார்கள், ஸ்பீக்கரை யாரும் பேச மாட்டார்கள். எங்கள் தெருவிலும் நான் அடித்த கிண்டலுக்கு ஒரு வாரம் சண்டை. மைக் மட்டும் நிற்கவில்லை. அப்புறம் பூசாரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவின் பிரஷர் மாத்திரைச் சீட்டைக் காட்டினேன். எங்கள் வாசலைப் பார்த்திருந்த குழாய் ஸ்பீக்கரை மறுநாளே திருப்பிக் கட்டினார்கள்.

கோரிக்கையை மட்டும் விடாதீர்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் முடியாது. அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கமிட்டியிடம் மரியாதையாகவே கேளுங்கள்.