நாய் அவனா அதுவா, நீங்க ஓனரா அம்மாவா: அபார்ட்மெண்ட் நோட்டீஸ்ல என்ன எழுதறது?

கேள்வி: சேலம் அழகாபுரம் பக்கம் 40 வீடு இருக்கற அபார்ட்மெண்ட்ல சங்கச் செயலாளரா இருக்கேன் டாக்டர். நாய் பூனை வளக்கறவங்களுக்கு ஒரு நோட்டீஸ் எழுதலாம்னு உக்காந்தோம், முதல் வரியிலயே சண்டை. ‘ஓனர்’னு போட்டா, நாங்க ஓனர் இல்ல பெட் பேரண்ட்ஸ்ங்கறாங்க ரெண்டு வீட்டுக்காரங்க. ‘தெருநாய்’னு போடாதீங்க ‘சமுதாய நாய்’னு போடுங்கங்கறா ஒரு காலேஜ் பொண்ணு. ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர், நாய ‘அவன்’னு எழுதினா கையெழுத்தே போட மாட்டேங்கறார். எதுதாங்க சரி?

பதில்: மேடம், வாத்தியார்ல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா அவர் கேக்கறது நியாயமான கேள்வி, அதுக்கு பதிலும் அவர் புத்தகத்துலயே இருக்கு. தமிழ்ல மனுஷங்க உயர்திணை, மத்ததெல்லாம் அஃறிணை, தொல்காப்பியம் சொல்லதிகாரத்தோட முதல் சூத்திரமே அதுதான். ஆனா நன்னூல்ல இன்னொண்ணும் இருக்கு, உவப்பு, அதாவது சந்தோஷத்துல, பாசத்துல திணை மாறி வந்தா அது தப்பு இல்ல, வழுவமைதி, அதாவது இலக்கணமே ஒத்துக்கற பிழை. அதுக்கு சொல்ற உதாரணம் என்ன தெரியுங்களா? ஒருத்தர் தன் பசுமாட்டப் பாத்து ‘என் அம்மை வந்தாள்’னு சொல்றது. பத்தாம் வகுப்பு தமிழ்ப் பாடத்துல பசங்க படிக்கறாங்களே, அதேதான். மாட்ட அம்மானு கூப்பிட இலக்கணமே எடம் குடுத்திருக்கறப்போ, உங்க மூணாவது மாடிக்காரர் தன் லாப்ரடார ‘அவன் சாப்டானா’னு கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா அது பேச்சுல, பாசத்துல. நோட்டீஸ் பாசத்துல எழுதறது இல்லையே, அதனால அதுல ‘நாய்’, ‘அது’ போதும். ‘அது’ன்னு சொன்னா மரியாதைக் குறைவுன்னு நெனைக்கறது இங்கிலீஷ்ல இருந்து வந்த கவலை, நம்ம ஊர்ல கைக்குழந்தையவே ‘அது தூங்குது’னுதான் சொல்றோம்.

வாத்தியார் கிட்ட இதையும் சொல்லுங்க, அவருக்குப் பிடிக்கும். தொல்காப்பியம் மரபியல்ல எந்த உயிரோட குட்டிய என்ன பேர் சொல்லிக் கூப்பிடணும்னு பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவினு ஒன்பது பேர் வருது. நாய்க்குட்டி அதுல குருளை. ‘பிள்ளை’ங்கற பேர நரி புலி பன்றி முயல் குட்டிகளுக்குக் கூட சொல்லலாம்னுட்டு, ‘நாயலங் கடையே’னு நாய மட்டும் தனியா விலக்கி வெச்சிருக்காங்க. அணிலும் கீரியும் கிளியும் இன்னிக்கு வரைக்கும் ‘பிள்ளை’தான், நாய் மட்டும் இல்ல. ‘நாய போயி புள்ளைம்பாங்களா’னு நம்ம பாட்டிங்க முகம் சுளிக்கறதுக்கு அவ்ளோ பழைய வேர் இருக்கு, அவங்கள கல்நெஞ்சுன்னு நெனைச்சிடாதீங்க, அதே பாட்டிதான் மத்தியானம் மொத சோத்த அதுக்குத்தான் வைக்கறாங்க.

இப்ப ஓனர் விஷயம், இது கொஞ்சம் நீளமா சொல்லணும். என் கால்நடை கிளினிக் ரிஜிஸ்டர்ல ஒரு பக்கத்த அப்படியே சொல்றேன். நாயோட பேர் ப்ரூனோ, கொண்டு வந்தவங்க பேர் ‘ப்ரூனோ அம்மா’. அடுத்த பக்கத்துலயும் ஒரு ‘ப்ரூனோ அம்மா’. ஒரு தடவ தையல் போட்டு அனுப்பின நாய்க்கு அன்னிக்கு ராத்திரியே மருந்து மாத்தணும்னு ஃபோன் பண்ண வேண்டி வந்தது, எந்த ப்ரூனோ அம்மானு தேடி மூணு வீட்டுக்கு பேசி, நாலாவது நம்பர்லதான் கெடச்சாங்க. அதுல இருந்து ஆதார்ல இருக்கற பேரத்தான் கேட்டு எழுதறோம்.

அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல போல்டர்னு ஒரு ஊர்ல 2000லயே நகரச் சட்டத்துல ‘ஓனர்’ஐ ‘கார்டியன்’னு மாத்தினாங்க. 2011ல ஆக்ஸ்போர்ட் விலங்கு நெறிமுறை மையத்தச் சேர்ந்த ஆண்ட்ரூ லின்சியும் கூட இருந்தவங்களும், ‘பெட்’னு சொல்றது அதுங்கள சின்னப்படுத்துது, ‘கம்பானியன் அனிமல்’னு சொல்லுங்க, ஓனர்க்கு பதிலா ‘கேரர்’னு சொல்லுங்கன்னு ஒரு ஆய்விதழ்ல எழுதினாங்க. அமெரிக்க கால்நடை டாக்டர்கள் சங்கம் மட்டும் ‘ஓனர்’தான் வேணும்னு நின்னுச்சு, அது மாறினா வைத்தியத்துக்கு யார் முடிவெடுக்கறதுன்னு சட்டக் குழப்பம் வரும்னு. நான் அந்தக் கட்சிதான், ஆனா என் காரணம் வேற.

நம்ம நாட்டு 1960ஆம் வருஷத்து மிருகவதை தடுப்புச் சட்டத்துல ‘ஓனர்’னா காசு குடுத்து வாங்கினவர் மட்டும் இல்ல, அந்த நேரத்துல மிருகம் யார் கையில, யார் பொறுப்புல இருக்கோ அவங்களும்தான். இது எவ்ளோ பெரிய விஷயம் பாருங்க. சேலத்துல எத்தன வீட்ல பையன் பெங்களூர்ல வேலைக்குப் போயிட்டு நாய அப்பா அம்மா கிட்ட விட்டுட்டுப் போயிருக்கான்! ஏதாவது ஆனா ‘அது என் நாய் இல்லீங்க, பையனோடது’ங்கறாங்க பெரியவங்க, பையன் ‘நான் ஊர்லயே இல்லையே’ங்கறான். சட்டப்படி வீட்ல வெச்சிருக்கற பெரியவங்களும் ஓனர்தான். பட்டினி கெடக்கும்னு தெரிஞ்சே ரோட்ல விட்டுட்டு வந்தா அதே சட்டத்துல 11ஆவது பிரிவுப்படி குற்றம். ‘பேரண்ட்’ங்கற வார்த்தைக்கு இந்த மாதிரி புடிச்சு நிறுத்தற கயிறு எதுவும் கிடையாது, ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல எறக்கி விட்டுட்டுப் போன நாய்ங்க கழுத்துல பேர் பொறிச்ச அழகான பட்டை இருந்ததப் பாத்திருக்கேன், அந்த வீட்லயும் அது கொழந்தையாத்தான் இருந்திருக்கும்.

இன்னொண்ணு, யாராவது விஷம் வெச்சு நாயக் கொன்னா பாரதிய நியாய சன்ஹிதா 325ஆவது பிரிவுல அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, ஆனா அந்தக் குற்றத்தோட அடிப்படையே ஒருத்தரோட பொருளுக்கு இழப்பு உண்டாக்கறதுதான். ஸ்டேஷன்ல புகார் எழுதறப்போ ‘என் கொழந்தைய கொன்னுட்டாங்க’னு எழுதினா எழுதறவருக்கு ஒண்ணும் புரியாது, ‘எனக்குச் சொந்தமான நாய்’னு எழுதுங்க. மாடுன்னாலே செல்வம்னு ஒரு அர்த்தம் வெச்ச பாஷை நம்மளது, சொந்தம்ங்கற வார்த்தைய வெறும் காசுக் கணக்கா பாக்காதீங்க, நம்ம பேச்சுல உறவுக்கும் அதே சொந்தம்தான்.

தெருநாய் பத்தி அந்தப் பொண்ணு சொல்றதுல பாதி சரி. 2023ல வந்த விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதியில ‘சமுதாய விலங்கு’ங்கற வார்த்தை இருக்கு, தெருங்கற வார்த்தையும் இருக்கு. எனக்கு ரெண்டுமே பெருசா உதவல, ‘தெருநாய்’னா யாருக்கும் பொறுப்பில்ல, ‘சமுதாய நாய்’னா யாருக்கும் புரியல. உங்க கேட்டுக்குள்ள எத்தன நாய் இருக்கோ அத கருப்பி, செவலை, மணின்னு நெறத்தோட எழுதுங்க, எதுக்குக் கருத்தடை ஆச்சு, எதுக்கு எந்த மாசம் வெறிநாய்த் தடுப்பூசி போட்டதுன்னு பக்கத்துலயே எழுதுங்க. சோறு வைக்கற எடத்த சங்கம்தான் பேசி குறிக்கணும்னு அந்த விதியே சொல்லுது, கொழந்தைங்க வெளையாடற எடம், கேட், மாடிப்படி பக்கம் வேண்டாம்.

இது வரைக்கும் உங்க சங்கத்துல சண்டை போட்ட வார்த்தைங்க. சண்டையே போடாத மூணு வார்த்தை இருக்கு, என் பயமெல்லாம் அதுலதான்.

ஒண்ணு ‘வீட்டு நாய்’. வீட்டு நாய்தான கடிச்சதுன்னு ஊசி போடாம விடறாங்க. வீட்டுக்குள்ள இருக்கறதுனால மட்டும் வெறிநோய் வராம இருக்காது, அறிகுறி வந்துட்டா காப்பாத்தறது கிட்டத்தட்ட முடியாத காரியம். அப்பறம் ‘கடி’. பூனை பிராண்டினத யாரும் கடின்னு சொல்றதில்ல, அதனால நாய்க்கடின்னு போட்டிருக்கற ஊசி தனக்கு இல்லைன்னு நெனைச்சிக்கறாங்க, ரத்தம் வராத சின்ன கீறலுக்கும் தடுப்பூசி வேணுங்க, ரத்தம் வந்திருந்தா அதோட இம்யூனோகுளோபுலினும், அதாவது எதிர்ப்புச் சக்திய நேரடியா குடுக்கற ஊசியும் வேணும். அடுத்தது ‘ஊசி போட்டாச்சு’. என்ன ஊசின்னு கேட்டா பாதி பேருக்குத் தெரியல, குட்டில பார்வோங்கற வயித்துப்போக்கு நோய்க்குப் போட்ட ஊசிய மனசுல வெச்சிட்டு சொல்றாங்க. நோட்டீஸ்ல ‘தடுப்பூசி’ன்னு மட்டும் எழுதாம ‘வெறிநாய்த் தடுப்பூசி, போட்ட தேதி’ன்னு எழுதி வாங்குங்க.

நோட்டீஸ்க்கு சம்பந்தமில்ல, ஆனாலும் சொல்லிடறேன். ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்ல வயசான நாய், கிட்னி போயி எந்திரிக்கவே முடியல, நான் அந்தப் பெரியவர் கிட்ட ‘தூங்க வெச்சுடலாங்களா’ன்னு கேட்டேன், சரிங்கன்னு தலையாட்டினார். மருந்த ஊசில ஏத்திட்டு இருக்கேன், நாய் காதத் தடவிக்கிட்டே கேக்கறார், ‘எத்தன மணிக்குங்க முழிக்கும், கஞ்சி காய்ச்சி வெச்சிடறேன்’. ஊசிய கீழ வெச்சிட்டேன். இங்கிலீஷ்ல அப்படி சொல்லிப் பழகின வார்த்தைய நான் தமிழ்ல தூக்கிட்டு வந்தது தப்பு. அவர உக்கார வெச்சு, இது உயிர் போற ஊசிங்க, வலிக்காதுன்னு சொன்னேன், ரெண்டு நாள் டைம் கேட்டார், குடுத்தேன். அதுல இருந்து அந்த வார்த்தைய சொல்றதே இல்ல.

கிளி வளக்கறவங்க இருந்தா ‘செல்லப்பிராணி’ லிஸ்ட்ல சேக்காதீங்க, நம்ம பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972 வன உயிரினச் சட்டத்துல வர்றது, வீட்ல வெச்சிருக்கறதே குற்றம்.

நோட்டீஸ் இப்படி இருக்கட்டும்: ‘நாய், பூனை வளர்ப்பவர்களும் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்பவர்களும் அதன் பெயர், நிறம், வெறிநாய்த் தடுப்பூசி போட்ட தேதி, தங்கள் பெயர், கைபேசி எண் ஆகியவற்றை அலுவலகத்தில் பதிய வேண்டும். எந்த நாய், பூனை கடித்தாலும் கீறினாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லவும்.’ இதுல ‘ஓனர்’ இல்ல, ‘பேரண்ட்’ இல்ல, ‘தெருநாய்’ இல்ல, ‘வளர்ப்பவர்’னு போட்டதால அந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் கையெழுத்து போட்டுடுவாங்க. வாத்தியார விட்டே ஒரு தடவ பிழை திருத்தி வாங்கிட்டு லிஃப்ட் பக்கத்துல ஒட்டிடுங்க.