மணல் ஈப் புண்ணுக்கு வேப்பிலை போதுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் வயலும் காடுமாகத் திரிகிற ஆள். முழங்கைக்குக் கீழே சின்னப் பருவாக வந்தது, மாதக்கணக்காகியும் போகாமல், இப்போது நடுவில் குழி விழுந்து பொருக்குக் கட்டி நிற்கிறது. வலியும் இல்லை, கடியும் (அரிப்பும்) இல்லை. பரிகாரியார் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார், பக்கத்து வீட்டு அண்ணை எருக்கலம்பால் விடச் சொல்கிறார். ஆசுப்பத்திரியிலோ மணல் ஈ கடித்து வருகிற லீஷ்மேனியாசிஸாக இருக்கலாம், கிளினிக்குக்கு வாருங்கள் என்கிறார்கள். இவருக்கு ஊசி என்றால் பயம். மூலிகையால் மாறாதா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: மாறும் என்று நம்பி அவரை வீட்டில் இருத்தி வைக்காதீர்கள் தங்கச்சி. வலிக்காத, கடிக்காத, மாதக்கணக்கில் ஆறாத புண் என்று நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இந்த நோயின் குணம். இலங்கையில் இங்கேயே தொற்றிய முதல் நோயாளி பதிவானது 1992இல். 2008இலிருந்து இது சுகாதாரத் திணைக்களத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். ஆகவே ஆசுப்பத்திரிக்காரர் சும்மா பயம் காட்டவில்லை.

மஞ்சளும் வேப்பிலையும் கெட்டவை என்று நான் சொல்லவரவில்லை. சிக்கல் என்னவென்றால், இந்த நோயைத் தருகிற ஒட்டுண்ணி புண்ணின் மேலே உட்கார்ந்திருப்பதில்லை, கிருமியைத் தின்ன வேண்டிய நம்முடைய உடல் அணுக்களுக்குள்ளேயே புகுந்து, தோலுக்கு உள்ளே இருந்து பெருகுகிறது. மேலே பூசுகிற பற்று அங்கே போய்ச் சேராது. பொருக்கு காய்ந்து ஆறினதுபோலத் தெரியும், ஆனால் ஓரத்துத் தடிப்பைத் தொட்டுப் பாருங்கள், அது அகன்றுகொண்டுதான் இருக்கும். வேம்பு, உள்ளி, மஞ்சளில் உள்ள குர்க்குமின் எல்லாம் ஆய்வுகூடத்தில் இந்த ஒட்டுண்ணியைக் கொன்றிருக்கின்றன, அது உண்மை. கண்ணாடிக் கிண்ணத்தில் கொல்வது பெரிய வித்தையே இல்லை, உடலுக்குள் அந்த அளவுக்கு மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வித்தை. உலக சுகாதார நிறுவனம் இந்த நோய்க்குப் பரிந்துரைக்கும் மருந்துகளில் இன்றுவரை ஒரு மூலிகையும் இல்லை.

உடனே சிலர், மலேரியாவுக்கு மூலிகையில்தானே மருந்து கண்டுபிடித்தார்கள் என்று கேட்பார்கள். சரிதான். சீனத்து விஞ்ஞானி தூ யூயூ ஒரு பழைய மருத்துவ ஏட்டைப் படித்து, அதில் பச்சிலையைக் காய்ச்சச் சொல்லவில்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பிழியத்தான் சொல்லியிருக்கிறது என்பதைக் கவனித்தார். சூட்டில் மருந்துச் சத்து கெட்டுவிடுகிறது போலும் என்று ஊகித்து, குறைந்த சூட்டில் கொதிக்கிற ஈதரில் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு. இலையை அப்படியே அரைத்துப் பூசிக் கிடைத்த வெற்றி இல்லை அது. பிரித்து, அளந்து, விலங்கிலும் மனிதரிலும் சோதித்து வந்த மருந்து, அதுவும் மலேரியாவுக்கு. உங்கள் கணவரின் புண்ணுக்கு அந்த வேலையை இன்னும் ஒரு செடியும் முடித்துத் தரவில்லை.

எருக்கலம்பால் வேண்டவே வேண்டாம். அது தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இன்னொன்று, கிளினிக்கில் புண்ணின் ஓரத்தைச் சுரண்டியெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் நோயை உறுதிசெய்வார்கள். பொசுங்கிக் கிடக்கிற புண்ணில் எதைப் பார்ப்பது? ஏற்கெனவே ஏதாவது பூசியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஊசி புண்ணுக்குள்ளேயும் சுற்றியும்தான் போடப்படும், வழக்கமாக வாரத்துக்கு ஒருமுறை. வலிக்கும், பொய் சொல்லமாட்டேன். சில புண்களைத் திரவ நைட்ரசனால் உறையவைத்தும் மாற்றுகிறார்கள். அரச ஆசுப்பத்திரியில் காசில்லை. ஊசி நாலைந்தோடு புண் சுருங்கியதும் போகாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர், அதைமட்டும் செய்ய விடாதீர்கள்.

கேள்வி: அப்போ வேம்பால் ஒரு பிரயோசனமும் இல்லையா? எங்கள் மாட்டுக்கொட்டில் வீட்டோடு ஒட்டினபடிதான்.
- வாசகர், நெடுங்கேணி

பதில்: இருக்கிறது, ஆனால் கடிக்கு முன்னால். தேங்காயெண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து பூசினால் மணல் ஈ கிட்டவராது என்று இந்தியாவில் செய்த கள ஆய்வு காட்டியிருக்கிறது. நூறு மில்லிலீற்றர் எண்ணெய்க்கு ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி, அவ்வளவே. முதலில் கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள், தோலுக்கு ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள். இந்த ஈ நுளம்பைவிட மிகச் சிறியது, சத்தமும் போடாது, சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளாலேயே வந்துவிடும். பொழுதுபட்டதிலிருந்து விடியும்வரைதான் அதிகம் கடிக்கும். சாணமும் குப்பையும் ஈரமுமான மண், சுவர் வெடிப்பு, புற்று இவைதான் அதற்கு இடம். கொட்டிலைத் தள்ளிப் போட வழியிருந்தால் அதைச் செய்யுங்கள், எண்ணெயை விட அது பலன்.

கேள்வி: மாமியார் எனக்குக் கோப்பை தனியாக வைத்துவிட்டா. இந்த மணல் ஈ நோய் ஒட்டுமா?
- வாசகி, மாங்குளம்

பதில்: தொட்டாலோ ஒன்றாகச் சாப்பிட்டாலோ ஒட்டாது, பரப்புவது ஈ. அவ குஷ்டம் என்று நினைக்கிறா போல, அது வேறு நோய். அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் சொல்லிக் கேட்காதது டொக்டர் சொன்னால் கேட்கும்.