டின்டின் மாதிரி துப்பறியும் படக்கதைகள் பிள்ளைகளை ஏன் கட்டிப்போடுகின்றன? 9 வயதுப் பிள்ளைக்கு எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

துப்பு படத்தில் இருப்பதுதான் காரணம். எழுத்து மட்டுமே உள்ள மர்மக் கதையில் ஆசிரியர் சொன்னது மட்டும்தான் வாசகருக்குத் தெரியும். படக்கதையில் நாயகன் கவனிக்காத ஒன்றைப் பிள்ளையின் கண் முதலில் பிடித்துவிடலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும், சரளமாகப் படிக்கிற அக்காவுக்கும் அங்கே ஒரே வாய்ப்பு. பாடப் புத்தகத்தில் பின்தங்குகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

பெல்ஜிய ஓவியர் எர்ஜே 1929இல் தொடங்கிய, டின்டின் என்ற இளம் நிருபனை நாயகனாகக் கொண்ட படக்கதை வரிசையில் இது ஓவிய முறையிலேயே இருக்கிறது. டின்டின் முகத்துக்குக் கண்ணாக இரண்டு புள்ளிகள், நெற்றிக்கு மேல் தூக்கி நிற்கும் கொஞ்சம் முடி, அவ்வளவுதான். ஆனால் பின்னால் நிற்கும் காரும் கப்பலும் கயிறு, ஆணி வரை நிஜத்தைப் பார்த்து வரைந்தவை. கோடு எங்கும் ஏறக்குறைய ஒரே தடிமன், வண்ணம் தட்டையாக, நிழல் மிகக் குறைவு. இருட்டில் எதையும் மறைக்காததால், துப்பு வெளிச்சத்திலேயே கிடக்கும். நாம்தான் தாண்டிப் போய்விடுவோம்.

ஆரம்பிக்க 'தி சீக்ரெட் ஆஃப் தி யூனிகார்ன்' நல்லது. பழைய சாமான் சந்தையில் டின்டின் ஒரு பொம்மைக் கப்பல் வாங்குகிறான். அதைத் தங்களுக்கு விற்கச் சொல்லி அங்கேயே இரண்டு பேர் மல்லுக்கு நிற்கிறார்கள். வீட்டில் நாய் ஸ்னோயி அதைத் தட்டிவிட, பாய்மரம் உடைகிறது. உடைந்த மரத்துக்குள் ஒரு தோல் சுருள் இருந்தது பிறகுதான் தெரியவருகிறது. இது 1942-43இல் பிரஸ்ஸல்ஸ் நாளிதழ் ஒன்றில் தினம் ஒரு துண்டாக வந்த கதை. அடுத்த நாளும் வாசகரை வரவைக்க, துண்டின் முடிவில் ஒரு கொக்கி வேண்டும். ஆல்பமாக, அதாவது படக்கதைப் புத்தகமாகக் கோத்த பிறகும் அந்தக் கொக்கிகள் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் "இன்னும் ஒரு பக்கம்" என்று பிள்ளை கெஞ்சுகிறது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: புதையல் இந்த ஆல்பத்தில் கிடைக்காது, கதை 'ரெட் ராக்கம்ஸ் ட்ரெஷர்' ஆல்பத்தில்தான் முடிகிறது. நிலவுப் பயணக் கதையும் இப்படி இரண்டு ஆல்பம். முதல் பாதியை மட்டும் கொடுத்தால் பிள்ளை ஏமாந்துபோகும், இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

அளவும் முக்கியம். பெரிய ஆல்பம் சுமார் 30 செ.மீ. உயரம், கதை 62 பக்கம், பக்கத்துக்குப் பெரும்பாலும் நாலு வரிசைக் கட்டங்கள். மூன்று கதைகளை ஒன்றாகக் கட்டிய சின்னப் பதிப்பு மலிவுதான், ஆனால் எழுத்து பொடியாகி, மூலையில் இருக்கும் துப்பு தெரியாமலே போய்விடும். போனில் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் படிப்பது அதைவிட மோசம். பக்கத்தை மொத்தமாகப் பார்த்துவிட்டுத் திரும்பத் தேடுவதில்தான் துப்பறியும் சுகமே இருக்கிறது.

முதல் வாசிப்பில் பிள்ளை வசனத்தை விட்டுவிட்டுப் படத்தோடு ஓடும். ஓடட்டும், தடுக்காதீர்கள். கேள்வி கேட்டுப் பரீட்சையும் வைக்காதீர்கள். இரண்டாம் முறை, தனக்குப் புரியாத இடத்தில் அதுவே நின்று வசனத்தைப் படிக்கும். டின்டினின் நண்பரான கப்பல் கேப்டன் ஹேடாக்கின் நீளமான வசவுகளுக்கு அகராதி தேட வேண்டாம், சத்தமாகப் படித்தாலே போதும், பிள்ளை சிரித்துவிடும்.

வெளிவந்த வரிசைப்படி கொடுப்பதும் தவறு. முதல் கதை கறுப்பு வெள்ளையில் துண்டு துண்டாக ஓடும். இரண்டாவதான காங்கோ கதை ஆப்பிரிக்க மக்களைக் கேவலமாக வரைந்திருக்கிறது. அதைப் பெரியவர் உடனிருந்து பேச முடிகிற வயதுக்குத் தள்ளிவையுங்கள்.

நாலைந்து ஆல்பம் முடிந்ததும் 'தி காஸ்டஃபியோரே எமரால்டு' கொடுங்கள். பயணம் இல்லை, கொலை இல்லை. ஒரே மாளிகை, காணாமல் போன ஒரு மரகதம், சந்தேகப்பட ஏகப்பட்ட பேர். படித்து முடித்ததும் பிள்ளையை முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள். குற்றவாளி அங்கேயே இருப்பதை அதுவாகக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் விரலை வைத்துக் காட்டிவிடாதீர்கள்.